மெருகும் காப்பும்

மஸ்கெலியாவின் மழையை அறியாதார்க்கு அதனைச் சொல்லி விளக்குதல் அரிது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் ஞாயிற்றின் முகம் காண்பதே அருமை. மனிதர் குடையுள் ஒதுங்குவர். வாசலில் நிற்கும் மோட்டார் வண்டி எங்கே ஒதுங்கும்?

எந்தையார் தோட்டமொன்றிற் பெரிய கிளாக்கராக இருந்தவர். எம்மை இக்கல்லூரி விடுதியிற் சேர்க்க அவர் ஏற்றிவந்த பச்சை நிற மொறிஸ் மைனர் வண்டி அவருக்குப் பின் எம்மிடம் வந்தது. சென்ற ஆண்டுப் பழைய மாணவர் கூட்டத்துக்கு அதிலேயே வர விரும்பி, அதனைப் பளபளப்பாக்க எண்ணினோம். மெழுகென்று கருதி அட்டனில் ஒரு டப்பா வாங்கினோம்; அதில் எழுதியிருந்ததைப் படித்தோமில்லை. தேய்க்கத் தேய்க்கத் துணி பச்சையாயிற்று. அழுக்கு நீங்குகிறதென மகிழ்ந்து மேலும் தேய்த்தோம். முன்மூடியின் விளிம்பில் சாம்பல் நிற அடிப்பூச்சு வெளிப்பட்டபோதே கை நின்றது.

அதைப் பார்த்த முதிய பெயின்ற்காரர், "அழுக்கை எடுக்கலீங்க ஐயா, பெரியவர் காப்பாத்தி வச்ச நிறத்தைத்தான் எடுத்திட்டீங்க" என்றார். அச்சொல் எம் நெஞ்சைச் சுட்டது.

யாம் வாங்கியது மெழுகன்று, தேய்க்கும் கம்பவுண்ட். அது பூச்சின் மேற்படையை அராவியே மெருகு தருவது. மெழுகோ எதனையும் அராவாது. மேலே படர்ந்து காப்பது. பிரேசில் நாட்டுக் கார்னோபாப் பனையின் ஓலையில் எடுக்கும் மெழுகு நல்ல ஒளி தரும். செயற்கைக் காப்புப் பூச்சுகள் அதனினும் நெடுநாள் நிற்கும். மழைமிக்க எம்மூருக்குப் பின்னதே ஏற்றது.

இக்காலத்து வண்டிகளில் நிறத்தின்மேல் நிறமற்ற தெளிபூச்சொன்று உண்டு. பழைய வண்டிகளில் அஃதில்லை. ஆதலின் துணியில் நிறம் ஒட்டும். கழுவுதற்குச் சட்டி கழுவும் சவர்க்காரம் ஆகாது. அது முன்பிட்ட மெழுகையும் கரைத்துவிடும். வண்டிக்கெனச் செய்த மென்மையான ஷாம்பூவே தக்கது. முதலில் நீர் வார்த்து மணலைப் போக்காது துணியை வைத்தால் அம்மணலே பூச்சைக் கீறும். மெழுகை, நன்கு உலர்ந்த வண்டியில், நிழலில், மெல்லியதாகப் பூசுக. மழைநீர் மணிமணியாகத் திரண்டு உருண்டால் காப்பு உண்டு. பரந்து படிந்தால் மீண்டும் பூசுங் காலம் வந்ததென அறிக.

எந்தையார் ஞாயிறுதோறும் நிறைய நீர் வார்த்து மெல்லத் துடைப்பார். ஏன் அத்துணை மெல்ல என்று யாம் ஒருநாளும் கேட்டோமில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில், நீர் வற்றும் காலத்தில் மீண்டும் தலைகாட்டும். தேய்த்தழித்த நிறமோ மீளாது.

புதுநிறம் பூச மனமில்லை. வெளிப்பட்ட விளிம்பு துருவேறாதபடி அவ்விடத்தை மட்டும் தொட்டுப் பூசுவித்தோம். வேறுபாடு தெரியவே செய்கிறது. ஜூபிலி விழாவுக்கு அத்தழும்புடனேயே வருகிறோம். காணும் நண்பர்கள் காரணம் கேட்பாராயின், நாணாது சொல்வோம்.