கட்டைவிரலைக் காட்டாதீர்கள்!

'முருடேஸ்வர் போறேன்' என்று வீட்டில் சொன்னதில் பொய் கிடையாது. அங்கே 123 அடி உயரச் சிவன் இருக்கிறார். கும்பிட்டேன். ஆச்சு. மறுநாள் காலை படகேறி, நேத்ராணித் தீவுக்குப் போய், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அரபிக்கடலுக்குள் இறங்கப் போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாள். காரணம், அடியேனுக்கு நீச்சல் தெரியாது. "சாமி நல்லபடியா கூட்டிட்டு வரட்டும்" என்று மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி அனுப்பினாள், பாவம். படகில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கயிறு ரொம்பவே இறுக்கியது.

பயிற்சியாளர் ஒரு கன்னடப் பையன். பாடம் சுருக்கமாக முடிந்தது. மூச்சை அடக்காதே. காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊது. எதையும் தொடாதே. காற்று மீட்டர் 200-ல் ஆரம்பிக்கும், 50 வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும். பி.காம். படித்தவனுக்கு இது புரியாதா? மினிமம் பேலன்ஸ் ஐம்பது!

மூச்சு விஷயம்தான் வயிற்றைக் கலக்கியது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆபீஸில் மேனேஜர் எதிரே மூச்சை அடக்கியே பழகியவன் நான்!

இறங்கினோம். சுறா வரும், ஆமை வரும் என்று கண்ணை அகல விரித்துக் காத்திருந்தேன். பையனோ பாறை இடுக்குகளில் தொலைந்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி துழாவிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் பெரிய மீன் ஒன்று வாயைப் பிளந்து நிற்க, விரல் நீளக் குட்டி மீன் உள்ளே புகுந்து சுத்தம் செய்தது. சலூன்தான், சார்!

அலை லேசாகத் தள்ளியது. சமாளிக்க, பக்கத்துப் பாறையில் கையை ஊன்றப் போனேன். பையன் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். டார்ச்சை அடித்தான். பாறைக்குக் கண் இருந்தது! தேள் மீன். முதுகு முள்ளில் விஷம். இன்னும் நாலு அங்குலம் போயிருந்தால்...

அப்போதுதான் கயிறைப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது. ஆழத்தில் முதலில் தொலைவது சிவப்பு நிறம்தானாம். டார்ச் வெளிச்சம் பட்டதும் மறுபடி பளிச்சென்று சிவந்தது. கண்ணாடிக்குள் கண் கலங்கினால் துடைக்கக்கூட வழியில்லை.

நான் நிதானமாக ஆனதும், பையன் ஒரு பாறையைக் காட்டினான். கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஓடில்லாத ஒரு கடல் நத்தை. கறுப்பு உடம்பில் நீல வரப்பு, அதன் மேல் மஞ்சள் புள்ளிகள். ஓடு இல்லை, ஓடவும் தெரியாது. விஷமுள்ள கடற்பஞ்சைத் தின்று, அந்த விஷத்தையே உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பகட்டு நிறம், 'என்னைத் தின்னாதே' என்கிற போர்டு!

அசந்துபோய், பையனிடம் கட்டைவிரலை உயர்த்தி 'பிரமாதம்' என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, என்னை மெதுவாக மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டான். கடலுக்கடியில் கட்டைவிரல் உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தமாம். 'நல்லா இருக்கேன்' என்பதற்கு விரலால் வட்டம் போட வேண்டும். மீட்டரில் இன்னும் 110 பாக்கி!

சாயங்காலம் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பையன் எடுத்த நத்தை போட்டோவையும் அனுப்பினேன்.

"இத்தனூண்டு பூச்சியைப் பாக்கவா உசிரைப் பணயம் வெச்சீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மௌனம்.

"கயிறு இருக்கா?"

"இருக்கு."

போனை வைத்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது: 'அடுத்த வாட்டி சொல்லிட்டுப் போங்க. ரெண்டு கயிறா கட்டிவிடறேன்.'

பழக்க தோஷத்தில் கட்டைவிரல் படத்தை அனுப்பப் போனவன், சட்டென்று சுதாரித்து, விரல் வட்டத்தை அனுப்பினேன்.