நின்ற வண்டியில் கூடும் ஆயில்

வண்டி ஓட ஓட எஞ்சின் ஆயில் குறையலாம். கூடுவதற்கு வழியே இல்லை. பழைய நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறது, முகர்ந்தால் பெட்ரோல் நெடி அடிக்கிறது என்றால், டேங்கில் இருக்க வேண்டியது அடியில் இறங்கியிருக்கிறது. கள்ளக்குறிச்சியின் துருகம் சாலை, கச்சிராயபாளையம் சாலைப் பட்டறைகளிலும், மேலே கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து ஒற்றை ஆள் பட்டறைகளிலும் வேலையைக் கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்கும் முன் வண்டி நின்றிருந்த நேரத்தை விசாரிக்க வேண்டும். எங்கே நிறுத்தினீர்கள், மேடா பள்ளமா, பெட்ரோல் டேப்பை மூடினீர்களா, காலையில் கிக்கர் கனமாக இருந்ததா என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல மெக்கானிக். அந்த விசாரணைக்கு மட்டும் நாம் யாரும் கூலி கொடுப்பதில்லை.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சியில், சமவெளி கரும்புக்கும் நெல்லுக்கும் உரியது. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை எழுகிறது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பேருந்து வரும் நேரம் குறைவு. மரவள்ளி மூட்டையும் சாமி கும்பிடப் போகும் குடும்பமும் பைக்கில்தான் ஏறி இறங்குகின்றன. அந்தப் பைக்குகளில் கணிசமானவற்றின் டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்ற பெயரே இருக்கிறது. 2010 கடைசியில் அந்தக் கூட்டு பிரிந்தது என்பதை நினைத்தால் வண்டியின் வயது தெரிந்துவிடும். 1994-இல் வந்த ஸ்பிளெண்டரும் அதன் உறவு வண்டிகளுமே இங்கே உழைப்பாளிகள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆகவே கார்புரேட்டர் வண்டி என்றால் இன்று பெரும்பாலும் பழைய வண்டிதான்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைத் தடுத்து நிறுத்த இரண்டு காவல்கள் உண்டு. முதலாவது டேங்கின் அடியில் இருக்கும் டேப். இரண்டாவது கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட்டும் அது தள்ளும் நீடிலும். கிண்ணம் நிறைந்ததும் ஃப்ளோட் உயர்ந்து, நீடில் பித்தளைச் சீட்டின் துளையை அடைக்கும். டேப்பை யாரும் மூடுவதில்லை என்பதால் முதல் காவல் எப்போதும் திறந்தே கிடக்கிறது. பொறுப்பு முழுவதும் அரிசிமணியை விடச் சற்றுப் பெரிய அந்த நீடில்முனையில் விழுகிறது. முனை தேய்ந்தாலோ, இடையில் துரும்பு சிக்கினாலோ கிண்ணம் வழியும். வழிவது ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தரையில் சொட்டினால் நல்லது, கண்ணில் படும். குழாய் மண்ணடைத்துக் கிடந்தாலோ, வண்டி சாய்ந்து நின்றாலோ அது எஞ்சின் பக்கம் போகும். ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் சிலிண்டர் ஏறக்குறைய படுத்த வாக்கில் இருக்கிறது; கார்புரேட்டர் அதற்கு மேலே. இறங்குவதற்குத் தடையே இல்லை. எஞ்சினை அணைத்தபோது இன்டேக் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் ரிங்குகளின் இடைவெளியில் கசிந்து ஆயிலில் கலக்கும். வால்வு மூடி நின்றிருந்தால் அவ்வளவு போகாது. ஒரு நாள் ஆயில் கூடியும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் இருப்பதற்கு இதுதான் காரணம். வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று நினைக்கும் மெக்கானிக்கும், மெக்கானிக்குக் கண் தெரியவில்லை என்று நினைக்கும் வாடிக்கையாளரும் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

மலை வண்டிகளில் இது அதிகம் வருவதற்குச் சிலர் உயரத்தைக் காரணம் சொல்கிறார்கள். மேலே காற்று மெலிகிறது, பெட்ரோல் அதிகமாகிறது, மிச்சம் ஆயிலில் இறங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. கணக்கின் முதல் பாதி சரி. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும், கலவையும் கொஞ்சம் ரிச் ஆகும். ப்ளக் கறுக்கும், மைலேஜ் இறங்கும். ஆனால் டிப்ஸ்டிக்கில் கோடு தாண்டும் அளவுக்கு அது ஆயிலை ஏற்றாது. நான் உயரத்தை விடச் சரிவையும் துருவையும்தான் சந்தேகிப்பேன். மலையூரில் வீட்டு வாசல் சமதளமாக இருப்பது அபூர்வம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, இரவு முழுக்க வண்டி நிற்கிறது. பனியில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியின் டேங்குக்குள் ஈரம் படிந்து துரு பிடிக்கிறது. பங்க் தூரமான ஊர்களில் பெட்டிக்கடையில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலோடு தூசியும் தண்ணீரும் சேர்கின்றன. இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரகங்களின் ரப்பரை ஊதவும் வைக்கும். கரும்பு விளைந்து, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கும் மாவட்டத்தில் எத்தனாலைக் குறை சொல்வது பலருக்கு உவப்பாக இராது. எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவதும் நியாயமில்லை. எத்தனால் வருவதற்கு முன்பும் நீடில்கள் கசிந்தன. இன்னொன்று, பெட்ரோல் மிச்சம் என்று சாவியை அணைத்துவிட்டுக் கியரிலேயே மலையிறங்கும் பழக்கம். ஸ்பார்க் இல்லாமல் சுழலும் எஞ்சின் எரியாத பெட்ரோலை உள்ளே இழுத்து, சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவுகிறது. மிச்சப்பட்டதாக நினைக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆயிலில்தான் போய்ச் சேர்கிறது.

சந்தேகத்தை உறுதி செய்யும் வேலையில்தான் கைத்திறன் தெரிகிறது. அனுபவசாலி முதலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் ஏற்றுவார். ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் சும்மா உட்கார வைத்து எடுப்பார். இந்த வகை வண்டியில் அதுதான் முறை, திருகிப் பார்த்தால் ஆயில் பொய்யாகக் கூடித் தெரியும். அடுத்து ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்க்கிறார். நல்ல பழைய ஆயில் கறுத்திருந்தாலும் வழவழப்பு விடாது. பெட்ரோல் கலந்தது தண்ணீராக ஓடி, விரலில் சிலீரென்று ஆறும். செய்தித்தாளில் அந்தச் சொட்டையும் பக்கத்தில் புது ஆயிலில் ஒரு சொட்டையும் விடுகிறார். புது ஆயில் மெல்லப் பரவுகிறது. மற்றது வேகமாக விரிந்து, நடுவில் கறுப்பும் சுற்றி வெளிறிய அகன்ற வளையமுமாக நிற்கிறது. சாயம் பால் டீ போல வெளுத்திருந்தால் கதை வேறு, அது தண்ணீர். இவை எல்லாவற்றையும் விட மறுக்க முடியாத சாட்சி வடித்து அளப்பது. ஊற்றியது எண்ணூறு மில்லி, வடிந்தது அதைத் தாண்டுகிறது என்றால் பேச்சுக்கு இடமில்லை. ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலில் ஒரு டீ கிளாஸ் பெட்ரோல் சேர்ந்தாலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். கேம் ஷாஃப்டையும் பேரிங்கையும் காக்க அந்த ஆயிலில் தெம்பு இருக்காது. ஸ்டிக்கின் முனையில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. திறந்த ஆயில் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது.

பிறகுதான் கார்புரேட்டர் கழல்கிறது. கிண்ணத்தைத் திறந்ததும் அடியில் செந்தூளாகத் துரு தெரிந்தால் வழக்கில் பாதி முடிந்தது. நீடிலை வெளிச்சத்தில் பிடித்தால் கூம்பு முனையில், சீட்டில் உட்காரும் இடத்தைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று வளையமாக ஓடுவது தெரியும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேட்பார்கள். சந்தேகம் தீராவிட்டால், கழற்றிய கார்புரேட்டரைச் சமமாக வைத்து, டேங்கிலிருந்து குழாயை மாட்டி, டேப்பைத் திறந்து, எஞ்சின் பக்க வாய்க்குக் கீழே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போவார்கள். அரைமணியில் காகிதம் நனைந்திருந்தால் நீடில் குற்றவாளி. டேப்பை மூடி, குழாயைப் பாட்டிலில் விட்டு வைத்தால் டேப்பின் யோக்கியதையும் தெரிந்துவிடும். இரவு முழுக்க நிறுத்திப் பார்க்க வேண்டிய சோதனையை இவ்வளவு சுருக்கியதற்குத் தேவைதான் காரணம். சந்தைக்கு இறங்கிவந்தவர் பொழுது சாய்வதற்குள் அதே வண்டியில் மலையேற வேண்டும். விட்டுவிட்டுப் போங்கள் என்று அவரிடம் சொல்ல முடியாது.

நீடிலைக் குற்றவாளி என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இருபது வருட வண்டியில் ரிங் தேய்ந்திருக்காதா, பெட்ரோல் அந்த வழியாகத்தானே இறங்குகிறது, சிலிண்டரைக் கடைந்து புது ரிங் போடும் போர் வேலை செய்தால் ஒரேயடியாகத் தீராதா? ரிங் தேய்ந்திருக்கலாம். சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் பார்த்தால், அளவு சட்டென்று ஏறுவதை வைத்து அதைக் கண்டுகொள்ளலாம். ஆனால் புது ரிங்கிலும் வாயிடைவெளி உண்டு. மேலே திரவமாகத் தேங்கி நிற்கும் பெட்ரோலை எந்த ரிங்கும் விடியும்வரை தாங்காது. நீடிலை அப்படியே விட்டுப் போர் போட்டால், கழுவப்பட்ட சுவரில் புது ரிங்கும் சீக்கிரம் தேயும். மாறாக, நீடிலைச் சரிசெய்த பிறகும் ஆயில் கூடுகிறதா, புகை வருகிறதா என்று பார்த்துவிட்டு எஞ்சினைத் தொட்டால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்குவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. நீடில் செட் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக் காசில் வரும். போர் வேலை என்றால் ஆயிரங்களில் பேசலாம். மாற்றிய சாமானுக்கும் கழற்றி மாட்டிய உழைப்புக்கும் மட்டுமே வாடிக்கையாளர் பணம் தருகிறார். ஒரு மணி நேரம் யோசித்து, முகர்ந்து, காகிதம் வைத்துப் பார்த்து, சின்ன நீடிலோடு அனுப்பிவைத்தவருக்கு ‘இதுக்குப் போயா இவ்ளோ?’ என்ற கேள்விதான் மிச்சம். சரியாகக் கண்டுபிடிப்பவர் நட்டப்படும் விலைமுறை இது. ‘பாக்குற கூலி’ என்று ஒரு தொகையைத் தனியாகச் சொல்லி வாங்கும் பழக்கம் பட்டறைகளில் வர வேண்டும். வாடிக்கையாளர் அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஏழை மலைவாசிக்கு அது கூடுதல் சுமை ஆகாதா என்றால், தேவையில்லாத போர் வேலைதான் அவருக்கு உண்மையான சுமை.

கார்புரேட்டரே மறையும் காலத்தில் இந்த அறிவு எதற்கு என்றும் கேட்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டால்தான் பம்ப் ஓடும். நின்ற வண்டியில் டேங்க் இறங்கும் இந்தக் கோளாறு அங்கே ஏறக்குறைய ஒழிந்துவிடும். அதை மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே மலையில் இருக்கும் வண்டிகளை மாற்ற அந்த வீடுகளுக்கு இன்னும் பல அறுவடை வேண்டும். அதுவரை இந்தக் கைகள் வேண்டும், அவை நலமாகவும் இருக்க வேண்டும். பெட்ரோலில் கை கழுவுவதும் குழாயை வாயால் உறிஞ்சுவதும் பட்டறைகளில் சாதாரணம். இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள் அது. வேலை கற்க வரும் பையனுக்குக் கையுறையும் உறிஞ்சு பம்பும் வாங்கித் தருவது உரிமையாளர் கடமை. வடித்த ஆயிலைச் செயினுக்கு விடுவதும் கரையானுக்காக மரத்தில் பூசுவதும் வழக்கமாக இருக்கலாம்; பெட்ரோல் கலந்த ஆயிலை அப்படிக் கொடுப்பது தீயை வீட்டுக்கு அனுப்புவது. அதைத் தனி டின்னில் மூடிவைத்துக் கழிவு ஆயில் எடுப்பவரிடம் விவரம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வேலை முடிந்து புது ஆயில் ஊற்றியதும், கவனமுள்ள மெக்கானிக் டேப்பை மூடித் திறந்து காட்டி, அடுத்த சந்தைக்கு வரும்போது வண்டியை ஒருமுறை காட்டிவிட்டுப் போகச் சொல்கிறார். ஸ்டிக் அப்போதும் அதே கோட்டில் நின்றால்தான் அவர் கண்டது சரி. அந்த இரண்டாவது பார்வைக்கும் இன்றுவரை கூலி கிடையாது.