ஆட்டோ பிரிக்கிற வீடியோவைப் பிள்ளைகள் பார்க்கலாமா?

பிள்ளை கையில் போன் இருந்தால் நம் லயங்களில் பெரியவர்களுக்கு மூன்று பயம் வரும்: கேம், காதல், கெட்ட படம். இந்த மூன்றிலும் சேராத ஒன்றை எங்கள் பொடியன்கள் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். ஆட்டோ, கார் திருத்துகிற வீடியோக்கள். கெட்ட வார்த்தை இல்லை, அடிதடி இல்லை. ஒருவர் குந்தியிருந்து கார்பரேட்டரைக் கழற்றுகிறார், கழுவுகிறார், மறுபடி பூட்டுகிறார். அவ்வளவுதான்.

விடுமுறையில் நாங்கள் சிலர் சேர்ந்து தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே வரும் தரம் 7 பையன் ஒருவனின் அம்மா நேராகவே கேட்டார்: "எந்நேரமும் ஆட்டோ பிரிக்கிறதத்தான் பாக்கிறான். கெம்பஸ் படிக்கிற புள்ளைங்க தானே நீங்க, சொல்லுங்க. இதப் பாக்கலாமா, வேணாமா?" கேள்வி நியாயமானது. ஆகவே நாங்களும் சில நாட்கள் உட்கார்ந்து அந்த வீடியோக்களைப் பார்த்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது சும்மா பொழுதுபோக்கு இல்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பிறகு, படிப்புக்கென்று பல வீடுகளுக்கு போன் வந்தது. அதே காலத்தில்தான் நாட்டுக்குள் வாகன இறக்குமதியும் நின்றது. தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடம் பழைய அல்டோவையும் டொல்பின் வேனையும் ஆட்டோவையும் திருத்தித் திருத்தித்தான் ஓட்டினோம். தோட்டத்தில் ஆட்டோ என்றால் ஆஸ்பத்திரி வண்டியும் அதுதான், பள்ளிக்கூட வேனும் அதுதான். அது நின்றால் வீடே நிற்கும் என்று பிள்ளைக்குத் தெரியும். அவன் பார்ப்பதில் ஆச்சரியம் என்ன?

சரி, யூடியூப் என்ன சொல்கிறது? சிறுவர்களின் தகவல்களைச் சேகரித்த விவகாரத்தில் கூகுள் 2019இல் அமெரிக்காவில் 170 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் பிறகு 2020 ஜனவரியிலிருந்து, வீடியோ போடுகிறவர்கள் 'இது சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டதா' என்று குறிப்பிட வேண்டும். கராஜ்காரர் 'இல்லை' என்றுதான் போடுவார், அது உண்மையும் கூட. ஆனால் 'சிறுவர்களுக்காகச் செய்யப்படவில்லை' என்பது வேறு, 'சிறுவர்களுக்குப் பொருந்தாது' என்பது வேறு. அந்தக் குறி விளம்பரத்துக்கும் தகவல் சேகரிப்புக்கும் உரியது. ரேடியேட்டர் மூடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் யூடியூப் கணக்கு வைத்திருப்பதையே தடுத்துவிட்டது. நம் லயத்திலோ பல வீடுகளில் ஒரே போன், ஒரே கணக்கு, அதுவும் அப்பாவுடையது. யூடியூபுக்குத் தெரிந்தவரை பார்ப்பது நாற்பது வயது ஆள். வயது பார்த்துப் போடும் எந்தப் பூட்டும் இங்கே வேலை செய்யாது.

ஆகவே நாமே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எங்களை உறுத்தியது வீடியோவில் இருந்தது அல்ல, இல்லாதது. உதாரணத்துக்கு ரேடியேட்டர். சூடான எஞ்சினில் தண்ணீர் அமுக்கத்தில் இருப்பதால் 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அடுத்த நொடி அமுக்கம் போய், கொதித்து முகத்தில் அடிக்கும். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கிற ஊர். இங்கே இன்னும் கவனம் வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பார். வீடியோவில் அந்த அரைமணி நேரம் இருக்காது. பார்க்கிறவனுக்கு அலுப்பு என்று வெட்டிவிடுவார்கள்.

ஜெக் போட்டுக் காரைத் தூக்கியதும் ஸ்டாண்ட் வைப்பது, சில்லுக்குக் கல் வைப்பது, பெற்றோல் தொடுமுன் பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் அதே கதைதான். பாதுகாப்பு முழுக்க அந்த மெதுவான வேலைகளில் இருக்கிறது. எடிட்டிங்கில் முதலில் போவதும் அவைதான்.

கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இந்த வீடியோ சமையல் நிகழ்ச்சி மாதிரி. பார்க்கும், மறக்கும். நம் பிள்ளைக்கு அப்படியில்லை. வாசலில் ஆட்டோ நிற்கிறது, சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் கிடக்கிறது, அப்பா தூங்குகிறார். ஆகவே வீடியோ நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. அது முடிந்ததும் பிள்ளையின் கை எதில் படும் என்று கேட்க வேண்டும்.

அம்மாவின் கேள்விக்குள் இன்னொரு பயமும் இருந்தது: "படிக்காம கராஜுக்குப் போயிருவான்." இந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். சாதாரணதரத்தோடு படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போன அண்ணன்மாரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலைக்குச் சேர்க்கும் குறைந்தபட்ச வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது, ஆபத்தான வேலைக்கு 18 ஆக வேண்டும். பிள்ளையைக் கராஜில் எடுபிடியாக விடக்கூடாது என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் பார்ப்பது வேலைக்குப் போவது ஆகிவிடாது. விஞ்ஞானப் புத்தகத்தைத் திறக்காத அதே பையன், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கையை மேலும் கீழும் ஆட்டி எங்களுக்கு விளங்கப்படுத்தினான். அவனுக்கு அமுக்கத்தைப் பற்றிச் சொல்லித்தர இதைவிட நல்ல வாசல் எங்கே கிடைக்கும்? நாளைக்கு அவன் முறையாகப் படித்து என்.வி.கியூ சான்றிதழ் எடுத்து மெக்கானிக் ஆனாலும் அது தோல்வி இல்லை.

இன்னொன்று. அவனுக்குப் பின்னால் நின்று அவன் தங்கச்சியும் பார்க்கிறாள். அவளுக்கு இது பொருத்தமா என்று யாரும் கேட்கவில்லை, அவள் பார்ப்பதையே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவளுக்கும் அதே பதில்தான்.

எங்கள் பதில் இதுதான். எஞ்சின் எப்படி ஓடுகிறது, இறக்கத்தில் பிரேக் ஏன் சூடாகிறது என்று விளக்குகிற வீடியோக்களைத் தாராளமாகப் பார்க்கட்டும். கழற்றிப் பூட்டுகிற வீடியோவை வண்டி தெரிந்த ஒரு பெரியவரோடு பார்க்கட்டும். பெற்றோல், பெட்டரி, ரேடியேட்டர், ஜெக் இந்த நான்கிலும் தனியாகக் கை வைக்கக்கூடாது. வீட்டில் வண்டி தெரிந்தவர் இல்லாவிட்டால் ரோட்டில் ஆட்டோ போடுகிற மாமாக்கள் இருக்கிறார்கள். வெட்டிவிட்ட அந்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களிடம் கேட்டால், சந்தோஷமாகவே சொல்வார்கள்.