கைப்பந்தும் ஒரு குடம் தண்ணீரும்

கைப்பந்தைப் போலப் பிறரை நம்பி ஆடவேண்டிய ஆட்டம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று தொடுதலுக்குள் பந்தை வலைக்கு அப்பால் அனுப்பியாக வேண்டும். தடுப்பின்போது தவிர, ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடவும் கூடாது. எத்தனை வல்லவனாயினும் இங்கே தனியொருவன் வெல்ல இயலாது.

இத்தகைய அணியை உருவாக்கும் பயிற்சியாளர் கண்டிப்பானவராக இருக்க வேண்டுமா, கலந்து பேசுபவராக இருக்க வேண்டுமா?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்று தங்கம் பெற்ற ஜப்பானியப் பெண்களின் பயிற்சியாளர் தைமட்சு கண்டிப்புக்குப் பெயர் போனவர். அப்பெண்களில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலையில் பணியாற்றியவர்கள். வேலை முடிந்தபின் நள்ளிரவு வரை பயிற்சி நடக்கும். அக்கடுமையை அவர்கள் தாங்கியதற்கு, ஒன்றாக வேலை செய்த பிணைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

நம் நாட்டிலிருந்து கனடா சென்ற பேராசிரியர் பாக்கியநாதன் செல்லதுரை, சாலே என்பவருடன் சேர்ந்து 1980-இல் பயிற்சியாளரின் நடத்தையை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்: கற்பித்தல், கலந்து முடிவெடுத்தல், தானே முடிவெடுத்தல், துணை நிற்றல், பாராட்டுதல். ஒருவரிடமே இவை அனைத்தும் இருக்கலாம் என்பதை எங்கள் ஊரிலேயே கண்டேன்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்த அண்ணன் ஒருவர், ஊர்த்தெருப் பையன்களையும் காலனிப் பையன்களான எங்களையும் ஒரே அணியாகச் சேர்த்தார். நான் செட்டர். நான் தூக்கிக் கொடுக்கும் பந்தை அடித்தவர்கள், நான் தொட்ட குவளையைத் தொடவில்லை. இரண்டாம் நாளே அண்ணன் ஒரே குடம், ஒரே குவளை வைத்தார். "இதில குடிக்காதவனுக்கு கிரவுண்டில இடமில்ல" என்றார். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் பக்கம் ஆள் குறைவு, தோற்றிருப்போம். இருவர் விலகினர், ஒருவன் பத்து நாளில் திரும்பி வந்தான்.

ஆனால் பந்தை யாருக்கு, எவ்வளவு உயரத்தில் கொடுப்பது என்பதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கடா" என்பார். பேசினோம். முதலில் பந்தைப் பற்றி. பிறகு படிப்பைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தந்தவன், திரும்பி வந்த அந்த ஒருவன்தான்.

எல்லோரும் சமம் என்பது ஓட்டெடுப்புக்கு விடும் செய்தியன்று. அதில் பயிற்சியாளர் கண்டிப்பாகவே இருக்கட்டும். ஆட்ட நுணுக்கத்தில் ஆடுபவனைக் கேட்கட்டும். வரும் ஆண்டு நம் கல்லூரி அணியில் பல ஊர் மாணவர்கள் புதிதாகச் சேர்வார்கள். செட்டரும் அடிப்பவனும் பேசிக்கொள்ளாத அணிக்கு எப்பயிற்சியும் உதவாது என்பதை ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.