என்ன செடி, எத்தனை நாள்?

மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் பால் வண்டிகள் வந்து போகும் நேரம். இன்னும் திறக்காத தோல்பைக் கடையின் படிக்கட்டில் ஓர் ஆச்சி ஈரச்சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார். மணத்தக்காளி, வல்லாரை, முருங்கை. நடுவில் வேர்மண் உதிராத கீழாநெல்லிக் கட்டுகள். வசாய்ப் பக்கமிருந்து லோக்கல் ரயிலில் வந்தவை. மழைக்காலத்தில்தான் இது செழித்துக் கிடைக்கும். தாராவியில் மஞ்சள்காமாலையும் அப்போதுதான் அதிகம்.

ஒரு பெண் ஏழெட்டு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள். பையன் நடக்கிற நடையிலேயே சோர்வு தெரிகிறது.

"ஆச்சி, கீழாநெல்லி ஒரு கட்டு குடுங்க."

"யாருக்குளா?"

"இவனுக்குத்தான். ரெண்டு நாளா மூத்திரம் மஞ்சளாப் போகுது. சோத்தைக் கண்டாலே ஓங்கரிக்கான்."

ஆச்சி பையனை அருகே இழுத்து, கட்டைவிரலால் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். அவசரமே இல்லை.

"வேரோட அலசி அரைச்சு, நெல்லிக்கா அளவு எடுத்து மோருல கலக்கி வெறும் வயித்துல குடு. உப்பு சேக்காத. எண்ணெ ஆகவே ஆகாது."

"எத்தன நாளைக்கு ஆச்சி?"

"கண்ணு வெளுக்குற வரைக்கும்."

காசு கைமாறுகிறது. அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கடைசிப் பதில் மனதை விட்டு அகலவில்லை. கீழாநெல்லியைச் சோதித்த ஆய்வுகள் அத்தனையும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. சாக்கடையை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாய்களால் பரவுகிற ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். கல்லீரல் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் உறுப்பு. இலையை அரைத்துக் குடித்த பையனுக்கும் கண் வெளுக்கும், குடிக்காத பையனுக்கும் வெளுக்கும். குடித்தவனுக்குச் சீக்கிரம் வெளுத்ததா என்று கண்டுபிடிக்க, குடிக்காத இன்னொருவனை அருகில் வைத்து நாட்களை எண்ண வேண்டும். எந்தத் தாயும் தன் பிள்ளையை அந்த இன்னொருவனாக நிறுத்த ஒப்பமாட்டாள். அதனால் அந்த வேலையை ஆய்வாளர்கள்தான் செய்தாக வேண்டும்.

அதற்கான முதல் மேசை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. தாராவியை ஒட்டிய மாட்டுங்காவிலும் அதற்குத் தெற்கே பரேலிலும் மருந்து ஆராய்ச்சி நடக்கும் கட்டடங்கள் பல தலைமுறைகளாக நிற்கின்றன. எந்த ஊர்க் கூடத்துக்குப் போனாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். செடியை நிழலில் உலர்த்தி இடித்துப் பொடியாக்குவார்கள். சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் பொடியை வைத்து, கொதித்து எழும் சாராயம் அதன்மேல் சொட்டிச் சொட்டி இறங்கும்படி மணிக்கணக்கில் விடுவார்கள். பிறகு சாராயத்தை ஆவியாக்கினால், கரும்பச்சை நிறத்தில் விரலில் ஒட்டும் பிசின் போன்ற சாறு மிஞ்சும்.

அடுத்து எலிகள். விஸ்டார் என்னும் வெள்ளை வகை, ஒன்று நூற்றைம்பது முதல் இருநூறு கிராம் எடை. பெரும்பாலும் கூண்டுக்கு ஆறு. முதல் கூண்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இரண்டாவது கூண்டுக்கு விஷம் மட்டும். மூன்றாவதற்கு விஷத்தோடு சிலிமரின், அதாவது ஐரோப்பாவில் நெடுங்காலமாகக் கல்லீரலுக்குக் கொடுத்துவரும் ஒரு முட்செடியின் விதைச்சத்து. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் விஷத்தோடு நம் செடியின் சாறு, ஒன்றுக்குக் குறைந்த அளவு, மற்றதற்குக் கூடிய அளவு. விஷம் என்பது அநேகமாகக் கார்பன் டெட்ராகுளோரைடு. ஒரு காலத்தில் துணி வெளுக்கும் கடைகளில் கறை எடுக்கப் பயன்பட்டது. சில ஆய்வுகளில் பாரசிட்டமால், தாராவியின் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் அதே காய்ச்சல் மாத்திரை, எலிக்குக் கிலோவுக்கு இரண்டு கிராம் வரை.

கார்பன் டெட்ராகுளோரைடைக் கல்லீரலே உடைக்கிறது. உடைத்த துண்டுதான் கல்லீரல் செல்லின் சவ்வைக் கிழிக்கிறது. சவ்வு கிழிந்ததும் உள்ளே இருக்க வேண்டிய நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. ஆஸ்பத்திரிச் சீட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று வரும் இரண்டு எண்கள் இந்தக் கசிவின் அளவுதான். எலியின் இரத்தத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு, அதைக் கொன்று கல்லீரலை எடுத்து எடை போட்டு, ஃபார்மலினில் ஊறவைத்து மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். விஷக் கூண்டு எலியின் கல்லீரலில் நடுச் சிரையைச் சுற்றிச் செல்கள் செத்துக் கிடக்கும். சாறு குடித்த எலியில் அந்தச் சேதம் குறைந்திருந்தால், செடி காத்தது என்று எழுதுவார்கள்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இப்படி எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். அந்த எலிகள் பட்ட பாட்டுக்காகவாவது அவற்றை நன்றாகப் படிக்க வேண்டும். படித்தால் ஓர் இடம் உறுத்தும். பெரும்பாலான ஆய்வுகளில் சாறு முந்திப் போகிறது, விஷம் பிந்தி வருகிறது. ஒரு வாரம் சாறு ஊட்டி, அதன்பிறகு விஷம். நம் ஆட்களோ கண் மஞ்சளான பிறகுதான் இலை தேடி வருகிறார்கள். இன்னொன்றும் உண்டு. விஷத்தை உடைக்கும் நொதியை இந்தச் சாறு தடுத்துவிட்டாலே, எலியின் கல்லீரல் பிழைத்துவிடும். அங்கே விஷம் விஷமாகவே மாறவில்லை. பழுதான கல்லீரலைச் செடி குணப்படுத்தியது என்பதற்கு அது சான்றாகாது. வைரஸ் தொற்றிய பிள்ளைக்கு அந்தக் காவலால் என்ன பயன்? இந்தக் கேள்வியோடு முடியும் ஆய்வேடுகள் அரிது.

கேள்வியை மனிதர்களிடம் கொண்டுபோனவர்களும் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ்.பி. தியாகராஜன், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியைச் சோதித்தார். பி வைரஸை நாள்பட உடம்பில் சுமப்பவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, முப்பது நாள். இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரை. 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்தில் இல்லாமல் போயிருந்தது. மற்ற பிரிவில் 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்ற வாதங்கள் நடந்தன. அந்த வாதத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் கீழாநெல்லி என்ற பேரில் சந்தையில் மூன்று நான்கு இனங்கள் கலந்தே வருகின்றன. ஆனால் நம்பிக்கையூட்டிய முதல் முடிவு மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்தவை தாராவிக்கு வரவேயில்லை.

மும்பையிலேயே ஒரு சோதனை. அசோக் வைத்யாவும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்டது. இமயமலையில் விளையும் கடுகுரோகிணி வேர்ப்பொடியை, கடும் காமாலையில் வந்தவர்களில் 15 பேருக்குத் தினம் மூன்று வேளை 375 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். 18 பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மருந்து. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் இரத்தத்தில் 2.5க்கு இறங்க வேர்ப்பொடி சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 27 நாள் ஆனது, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 76 நாள். சிறிய ஆய்வு, பெரியதாக மறுபடி செய்திருக்க வேண்டியது. எனக்கு அந்தப் பதினெட்டுப் பேர் மேல்தான் மரியாதை. கண்ணும் தோலும் மஞ்சளாக, சாப்பாடு இறங்காமல், கையில் இருப்பது மருந்தா மாவா என்று தெரியாமல் விழுங்கியவர்கள். இவர்கள் இல்லாமல் அந்த இருபத்தேழு நாளுக்குப் பொருளே கிடையாது.

இனி சீந்தில். ஹிந்தியில் கிலோய், மராத்தியில் குள்வேல். பரேலில் உள்ள கேஇஎம் ஆஸ்பத்திரியில் ஷரதினி டஹாணுக்கர், நிர்மலா ரெகே குழுவினர் இந்தக் கொடியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். பித்தநாளம் அடைத்துக் காமாலை வந்து, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 30 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கூடவே சீந்தில். 1993இல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு இரத்தத்தில் கிருமி பரவியது, சீந்தில் பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. அறுவைக்குப் பின் உயிர் பிழைத்தவர்கள் 40 சதவீதம் ஒரு பக்கம், 92 சதவீதம் மறுபக்கம்.

அதே நகரம், 2020. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. அதன்பிறகு எதிர்ப்புச் சக்தி வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கஷாயம் கொதித்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், சீந்திலைத் தொடர்ந்து குடித்த ஆறு பேர் கல்லீரல் அழற்சியோடு மும்பை மருத்துவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். உடம்பின் காவல் படையே கல்லீரலைத் தாக்கும் வகை. மருத்துவர் ஆபா நாக்ரலும் உடனிருந்தவர்களும் 2021இல் இதை எழுதியபோது ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. செடி மாறியிருக்கலாம், அதே குடும்பத்தின் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து இத்தகைய 43 நோயாளிகளின் விவரம் வந்தது. எலியின் கல்லீரலைக் காத்ததாக ஆய்வேடுகளில் பேர் வாங்கிய செடி இது. கேஇஎம் நோயாளிக்குக் கொடுத்தபோது உடல் எடைக்கேற்ற அளவு இருந்தது, குறித்த காலம் இருந்தது, தினம் பார்க்க ஆள் இருந்தது. வீடுகளில் கொதித்த கஷாயத்துக்கு இவை எதுவும் இல்லை. இரண்டு தரப்பு ஆய்வுகளையும் நான் மதிக்கிறேன். ஒன்றை வைத்து மற்றதை அடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பகல் பதினோரு மணி. மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றின் புறநோயாளிப் பகுதி. கதவு திறந்தே கிடப்பதால் வரிசையில் இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது எல்லாம் கேட்கும். ஐம்பது வயதுத் தையல்காரர் ஒருவர் மகளோடு உட்கார்ந்திருக்கிறார். டிபிக்கு மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கடந்துவிட்டது. சாப்பாடு வேண்டாமென்கிறார், குமட்டல், கண்ணில் மஞ்சள். காசநோயை அடக்கும் மாத்திரைகளில் மூன்று கல்லீரலை உரசக்கூடியவை. தாராவியில் டிபி இல்லாத சந்து குறைவு என்பதால் இந்தக் காட்சியும் அங்கே புதிதில்லை.

இளம் டாக்டர் கேஸ் பேப்பரைப் புரட்டுகிறார். எஸ்ஜிபிடி முந்நூற்றைத் தாண்டியிருக்கிறது. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. தொந்தரவும் இருந்து இந்த எண் மும்மடங்கைத் தாண்டினாலே மாத்திரைகளை நிறுத்துவார்கள். இறங்கியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். டாக்டர் ஹிந்தியில் கேட்கிறார், மகள் தமிழில் சொல்கிறாள்.

"அப்பா, வேற ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களான்னு கேக்காங்க. இலை, கஷாயம், பொடி, எதுனாலும்."

தையல்காரர் தலையை ஆட்டுகிறார். இல்லை. மகள் அவரையே பார்க்கிறாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் வருகிறார். திட்டமாட்டேன், தெரிந்தால்தான் எது கல்லீரலைக் கெடுத்தது என்று பார்க்க முடியும் என்கிறார். மகள் அதையும் சொல்கிறாள்.

"சீந்தில்கொடி," என்கிறார் தையல்காரர் மெல்ல. "மாத்திரை சூடு தணியட்டும்னு ஊர்லேருந்து மச்சான் கொண்டாந்தான். காலையில ஒரு தம்ளர்."

"எத்தன நாளா?"

"இருவது நாள் இருக்கும்."

"ஒரு தம்ளர்ல எவ்வளவு கொடி போடுவீங்க?"

அவர் விரல்களால் ஒரு சாண் காட்டுகிறார். டாக்டர் கேஸ் பேப்பரில் எழுதுகிறார்: குள்வேல், ஒரு சாண், இருபது நாள். எழுதிவிட்டு அடுத்த இரத்தப் பரிசோதனைக்குத் தேதி போடுகிறார். மாத்திரையும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், வியாழக்கிழமை தவறாமல் வர வேண்டும். மாத்திரையை நிறுத்தியது தற்காலிகம்தான், டிபி போய்விட்டதாக நினைத்துவிடக் கூடாது என்று இரண்டு முறை சொல்கிறார். எழுந்தவர்களை மறுபடி கூப்பிடுகிறார்.

"வர்றப்ப அந்தக் கொடியையும் கொண்டு வரச் சொல்றாங்கப்பா. எந்த வகைன்னு பாக்கணுமாம்."

"காஞ்சதா, பச்சையா?"

மகள் கேட்டுச் சொல்கிறாள். "ரெண்டும். இலை இருந்தா இலையோட."