குரங்கின் சிறுநீரகமும் மனிதனின் மூச்சுக்குழாயும்

2020 மார்ச் கடைசி வாரம். பொதுமுடக்கம் வந்து விட்டது. பாண்டி பஜாரில் ஆள் இல்லை, மயிலாப்பூர் மாட வீதிகளில் ஈ காக்கை இல்லை. திறந்திருந்த சில கடைகளில் மெடிக்கல் ஷாப்பும் ஒன்று. அந்த நாட்களில் நாடு முழுக்க எல்லோர் வாயிலும் புரளாத பெயர் ஒன்று புரண்டது: ஹைட்ராக்சிகுளோரோகுயின்.

இது ஒன்றும் புது மாத்திரை இல்லை. மலேரியாவுக்கு வந்தது. பிறகு முடக்குவாதம், லூபஸ் உள்ளவர்கள் வருடக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை ஆனது. மார்ச் 22-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு, கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும் நோயாளியின் வீட்டில் இருப்பவர்களும் இதை முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடலாம் என்றது. மார்ச் 25-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளாளுக்கு வாங்கி வைக்க, நிஜமாகவே தேவைப்பட்ட லூபஸ் நோயாளிகள் பல ஊர்களில் கடை கடையாக அலைந்தார்கள்.

சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? முக்கியமான காரணம், ஒரு ஆய்வுக்கூடத் தட்டு. 2020 பிப்ரவரியில் சீன விஞ்ஞானிகள், இதன் அண்ணனான குளோரோகுயின் புது வைரஸைத் தடுக்கிறது என்று எழுதினார்கள். பொய் இல்லை, தடுத்தது. ஆனால் எந்த செல்லில்? "வீரோ" என்ற செல்லில். 1962-ல் ஜப்பானில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த வகை அது. வேகமாக வளரும், செலவு குறைவு, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்காது. வைரஸ் வளர்க்க இதைவிட வசதியான செல் கிடையாது. அதனால்தான் உலகம் முழுக்க எல்லோரும் இதையே எடுக்கிறார்கள்.

பிரச்சினை என்னவென்றால், கொரோனா யாருக்கும் குரங்கின் சிறுநீரகத்தில் வருவதில்லை!

பழைய மயிலாப்பூர் வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் வாசல், பின்னால் கொல்லை. செல்லுக்குள் நுழைய இந்த வைரஸுக்கும் இரண்டு வழி. ஒன்று, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி திறந்துவிடும் வாசல். இன்னொன்று, செல் வைரஸை ஒரு சிறு பைக்குள் விழுங்கி, அங்கே அமிலத்தின் உதவியோடு திறக்கும் கொல்லை. குளோரோகுயின் அந்தப் பையின் அமிலத்தைக் குறைத்துவிடும். அதாவது கொல்லைக் கதவுக்குப் பூட்டு. வீரோ செல்லில் அந்த நொதி கிட்டத்தட்ட இல்லாததால் வாசல் வழியே கிடையாது. கொல்லையைப் பூட்டினால் திருடன் வெளியேதான் நிற்பான். மனித மூச்சுக்குழாய் செல்லிலோ வாசல் இருக்கிறது. கொல்லையைப் பூட்டி என்ன பயன்?

2020 ஜூலையில் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் இதைக் காட்டின. ஜெர்மன் குழு ஒன்று, மனித நுரையீரல் செல் வகையான 'காலு-3'-ல் குளோரோகுயின் வைரஸைத் தடுக்கவில்லை என்றது. பிரெஞ்சுக் குழு ஒன்று, வீரோவில் வேலை செய்த ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மனித மூச்சுக்குழாய்த் திசுவில் வேலை செய்யவில்லை என்றது. அவர்கள் சோதித்த குரங்குகளிலும் பலன் இல்லை.

அந்தத் திசுவை உருவாக்கும் விதம் அழகானது. கொடையாளரின் மூச்சுக்குழாய் செல்களை நுண்துளைகள் கொண்ட ஒரு சவ்வின் மேல் பரப்புவார்கள். கீழே ஊட்டத் திரவம், மேலே வெறும் காற்று. மூச்சுக்குழாயில் இருப்பது போலவே. மூன்று நான்கு வாரத்தில் செல்கள் தாமாகவே வேலை பிரித்துக்கொள்ளும். சில சளி சுரக்கும். சிலவற்றில் நுண்மயிர்கள் முளைத்து, நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடித்துச் சளியை நகர்த்தும். போகிப் புகையன்று சென்னைவாசியின் தொண்டைக்குக் கீழே ஓவர்டைம் பார்க்கும் அதே மயிர்கள்தான். இந்த முறை 1980களிலிருந்தே இருக்கிறது. ஆனால் செலவும் நேரமும் அதிகம்.

இதற்குள் மனிதர்களிடம் செய்த சோதனையின் விடையும் வந்திருந்தது. பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வில் மருந்து கொடுத்த 1,561 பேரில் 28 நாளில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள். கொடுக்காத 3,155 பேரில் 25 சதவீதம். பலன் இல்லை என்று அந்தக் குழு 2020 ஜூன் 5 அன்றே அறிவித்துவிட்டது. இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அந்த மாத்திரை விலகியது 2021 செப்டம்பரில்.

அப்படியானால் மூச்சுக்குழாய் செல் சொல்வதெல்லாம் வேதவாக்கா? அதுவும் இல்லை. வாசல் கதவைப் பூட்டும் கமோஸ்டாட் என்ற மருந்து நுரையீரல் செல்லில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் டென்மார்க்கில் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. தட்டில் இருப்பது திசு மட்டும்தான். அதில் ரத்தம் ஓடுவதில்லை, மருந்தை உடைக்கும் கல்லீரலும் இல்லை. அந்தத் திசு "இல்லை" என்றால் அதைக் காதில் வாங்க வேண்டும். "ஆமாம்" என்றால், மனிதர்களிடம் கேட்கும் வரை பொறுக்க வேண்டும்.

மனிதர்களிடம் முறையாகக் கேட்பது சென்னைக்குப் புதிதல்ல. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையம், காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியை சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் இல்லாத ஏழை வீடுகளிலும் மருந்து ஏறக்குறைய அதே அளவு வேலை செய்தது. 1959-ல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுக்க காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்து வைத்தியம் செய்ய வழி திறந்தது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

2023 மார்ச்சில் இந்திய மருந்து விதிகள் திருத்தப்பட்டு, விலங்குச் சோதனைக்குப் பதிலாக மனித செல் மாதிரிகளையும் பயன்படுத்த இடம் கிடைத்தது. இனி இப்படிப்பட்ட செய்திகள் நிறைய வரும். "ஆய்வுக்கூடத்தில் வைரஸை ஒழித்த மருந்து" என்று நாளை பேப்பரில் படித்தால், மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவதற்கு முன் இரண்டு கேள்வி போதும். எந்த செல்லில்? அதற்குப் பிறகு மனிதர்களிடம் கேட்டார்களா?