விளிம்பில் நிற்கும் புள்ளி

ரொட்டி ஈஸ்ட்டின் உட்கரு இரண்டு மைக்ரான் குறுக்களவுதான். அதற்குள் 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். அந்த டிஎன்ஏவை இழுத்து நீட்டினால் நாலு மில்லிமீட்டர் வரும். சாதாரண மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டும் இடைவெளியோ கால் மைக்ரானுக்கு அருகில். இந்த நெருக்கடிக்குள் ஒரு குறிப்பிட்ட மரபணு எங்கே இருக்கிறது என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

பொதுவான அமைப்பில் புதிர் அதிகமில்லை. குரோமோசோம்களின் இடுப்பான சென்ட்ரோமியர்கள் எல்லாம் உட்கருச் சவ்வில் பதிந்த துருவப் பகுதியருகே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் நியூக்ளியோலஸ். குரோமோசோம் முனைகளான 32 டெலோமியர்களும் சவ்வோரம் சில கொத்துகளாகச் சேர்ந்திருக்கும். நீளமான நூல்களை ஓரிடத்தில் முடிந்து சிறு பைக்குள் திணித்தால் எப்படிக் கிடக்குமோ, பெரும்பாலும் அப்படித்தான். சுவாரஸ்யம், இந்த ஏற்பாட்டுக்குள் இடம் மாறும் மரபணுக்களில் இருக்கிறது.

அவற்றைப் பார்க்க, மரபணுவை ஒட்டி லாக் ஆபரேட்டர் என்ற டிஎன்ஏ தொடரை 256 முறை அடுக்கிச் செருகுகிறோம். அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில் பச்சை ஒளிர்புரதத்தை இணைத்தால் உட்கருவில் ஒரு புள்ளி மின்னும். 1996இல் வெளிவந்த இந்த உத்தி இன்றும் அலுக்கவில்லை. சவ்வுக்கு வேறு நிறம் கொடுத்துவிட்டால் ஒரு வளையமும் ஒரு புள்ளியும் கிடைக்கும்.

கை பழக வேண்டியது இதற்குப் பிறகுதான். மைக்ரோஸ்கோப்புக்கு மேல்-கீழ் திசையில் கூர்மை குறைவு. உட்கருவின் உச்சியில் சவ்வை ஒட்டி நிற்கும் புள்ளி, படத்தில் நட்டநடுவில் இருப்பதுபோலத் தெரியும். ஆகவே படங்களை அடுக்காக எடுத்து, புள்ளி மிகப் பிரகாசமாக இருக்கும் தளத்தைத் தேர்கிறோம். அந்தத் தளத்தில் சவ்வு தெளிவான வளையமாக இல்லாமல் மங்கிய வட்டாகத் தெரிந்தால் அந்த செல்லை ஒதுக்கிவிட வேண்டியதுதான். எவ்வளவு அழகான செல்லானாலும் சரி. தேறிய வளையத்தைச் சம பரப்புள்ள மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறோம். மரபணுவுக்கு எந்த இடப்பற்றும் இல்லையென்றால் மூன்றிலும் 33 விழுக்காடு விழும். வெளி மண்டலம் மெலிந்த பட்டைதான், ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கண் அதைக் குறைத்தே மதிப்பிடும். எது எந்த மாதிரி என்று தெரியாதபடி கோப்புப் பெயர்களை மறைத்துவிட்டு எண்ணுவது எங்கள் வழக்கம்.

காலக்டோஸைப் பயன்படுத்த உதவும் கேல்-1 மரபணுவை எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட் குளுக்கோஸில் வளரும்போது அது உள்ளே அலையும். காலக்டோஸுக்கு மாற்றினால் இயங்கத் தொடங்கி, சவ்விலுள்ள உட்கருத் துளைகளை ஒட்டிப் போய் நிற்கும். இயங்கும் மரபணுக்கள் துளைகளை நாடும் என்று செல் உயிரியலாளர் குந்தர் புளோபெல் 1985இலேயே ஊகித்திருந்தார். ஆனால் எண்ணிப் பார்த்தால் விளிம்பில் இருப்பது அறுபது விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். புதிதாக வரும் மாணவர்கள் இதைப் பார்த்துச் சோர்ந்துபோவார்கள். சோர வேண்டியதில்லை. டிஎன்ஏ இரட்டிக்கும் கட்டத்தில் செல் அந்தப் பிடியை விட்டுவிடுகிறது. குடுவையில் எல்லாக் கட்டத்துச் செல்களும் கலந்திருக்கும்போது நூறு எப்படி வரும்? போதாக்குறைக்கு, பிடியில்லாத புள்ளி சில நொடிகளில் அரை மைக்ரான் ஓடிவிடும். ஒற்றைப் படத்தை நீட்டி ‘மரபணு இங்கே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெலோமியரை ஒட்டி அடங்கிக் கிடக்கும் மரபணுக்களும் அதே விளிம்பில்தான் இருக்கின்றன. துளைக்கும் துளைக்கும் இடைப்பட்ட சவ்வில் அடக்கம், துளையருகே இயக்கம். எங்கள் வளையத்தில் இரண்டும் ஒரே பட்டை. எந்தச் சவ்வுப் புரதத்தை நீக்கினால் புள்ளி உள்ளே நழுவுகிறது என்று பார்த்துத்தான் பிரித்தறிய முடியும்.

இடம் மாறுவது காரணமா, விளைவா என்பதில் ஒவ்வொரு மரபணுவும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. ஐனோ-1 என்ற மரபணுவின் முன்பகுதியில் எட்டே எழுத்துள்ள ஒரு தொடர் இருக்கிறது. அதை வெட்டி, வழக்கமாக உள்ளே இருக்கும் யூரா-3 மரபணுவின் அருகில் ஒட்டினால் அதுவும் விளிம்புக்கு வந்துவிடுகிறது. முகவரி டிஎன்ஏவிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்க்கவில்லை. கேல்-1 கதை வேறு. விளிம்புக்குப் போகவிடாமல் தடுத்த சில சோதனைகளில் அது பாட்டுக்கு இயங்கியது. அதனால் ‘இடம் மாறியதால் இயங்கியது’ என்று ஓர் ஆய்வு சொன்னால், புள்ளியைத் தடுத்துவிட்டு ஆர்என்ஏவை அளந்தார்களா என்று தேடித்தான் முதலில் பக்கம் புரட்டுகிறேன்.